திமிங்கலச் சுறாவுக்கு நான்கு நாள், நாற்பது விநாடி

1997 மார்ச் 14, வெள்ளிக்கிழமை, காலை 4.20. காரைக்குடிப் பேருந்து நிலையம். ஆள் இரண்டு, பை மூன்று, மாஸ்க் இரண்டு, மூச்சுக்குழாய் இரண்டு, காலில் மாட்டும் ரப்பர் துடுப்பு ஒரு ஜோடி. திரும்பி வந்து இறங்கியது மார்ச் 17, திங்கள், மாலை 6.50. ஆள் இரண்டு, பை மூன்று, மாஸ்க் ஒன்று. இரண்டு உள்ளங்கையிலும் தோல் இல்லை. பேனாவைப் பிடித்தால் எரிகிறது. ஆகவே சுருக்கமாக எழுதுகிறேன்.

இந்தப் பயணத்துக்குக் காரணம் நான் எழுதிய ஒரே ஒரு சொல். பெரியப்பா மகன் ஜோசப் அண்ணன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டர். மூன்று வருடத்துக்கு ஒருமுறைதான் அவருக்கு ஊருக்கு வர விடுப்பு, அதுவும் மூன்றே வாரம். இந்த வருடம் அந்த வருடம். எப்போதும் டிசம்பரில் வருவார். பெரியம்மாவோடு கிறிஸ்துமஸ் முடித்துவிட்டுத் திரும்புவார். போன வருடம் பட்டறைக் கேன்டீனில் கிடந்த பத்திரிகையில் ஒரு படம் பார்த்திருக்கிறார். ஆஸ்திரேலியாவில் ஒருவன் பேருந்து நீளத்துக்கு ஒரு மீனின் பக்கத்திலேயே நீந்துகிறான். திமிங்கலச் சுறா. ‘நம்ம கடல்ல இது இருக்காடா?’ என்று கடிதம் எழுதிக் கேட்டார்.

நான் மெக்கானிக்கல் டிப்ளமா. மில்லில் பராமரிப்புப் பிரிவு. யாராவது கேள்வி கேட்டால் வரைபடம் போடாமல் எனக்குப் பதில் வராது. அக்கா வீட்டுக்காரர் தாசன் அத்தான் ஒக்கூரில் பள்ளிக்கூட உயிரியல் ஆசிரியர். அவருடைய புத்தகத்தில், இந்த மீன் ஆளைக் கடிக்காது, தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்னும், அவை பெருகும் இடம் தேடிப் போகும் என்று இருந்தது. காரைக்குடிச் சந்தையில் மீன் விற்கும் கீழக்கரைப் பக்கத்து ஆள், மாசி போய்ப் பங்குனி வந்தால் பெரிய புள்ளிச் சுறா வலைப் பக்கம் வரும் என்றார். வடகிழக்கு மழை ஓய்ந்து, தென்மேற்குக் காற்று கிளம்பாத இடைவெளி. கடல் அமைதி. இதோடு பிறைக் கணக்கையும் சேர்த்து கிராஃப் தாளில் கோடு போட்டேன். கோடு அழகாக ஏறி, மார்ச் நடுவில் உச்சிக்குப் போய், அங்கேயே நின்று, ஏப்ரல் கடைசியில்தான் இறங்கியது. அதைப் பார்த்த சந்தோஷத்தில் அண்ணனுக்கு எழுதினேன்: ‘ஏப்ரலில் வாங்க, பார்ப்பது உறுதி.’

அண்ணன் நம்பிவிட்டார். ஊருக்கு வந்த ஒருவர் கையில் மாஸ்க், குழாய், துடுப்பு எல்லாம் கொடுத்தனுப்பினார். கூடவே கடிதம்: ‘நீ உறுதின்னு சொன்னா டிசம்பர விட்டுட்டு ஏப்ரல்ல பிள்ளைகளோட வாரேன். ரெண்டும் எடுக்க முடியாது. மார்ச் 18 காலைல லீவு சீட்டு எழுதிக் குடுக்கணும். பதினேழாந்தேதி ராத்திரி போன் பண்ணு.’

அதைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் அந்த மீனைப் பார்த்ததே இல்லையே. நாச்சியாபுரத்தில் நண்பனுடைய வயல் கிணற்றில் பத்து வாரம் குழாயை வாயில் வைத்து மூச்சு விடப் பழகியிருந்தேன். அங்கே நான் பார்த்ததெல்லாம் தவளையும் மோட்டார் பைப்பும்தான். ஆகவே ஒத்திகைப் பயணம். மில்லில் வார விடுமுறை வெள்ளி. மேலே மூன்று நாள் விடுப்பு. அத்தான் நீச்சல் தெரியாதவர், முதுகு வலிக்காரர். ஆனாலும் கூட வந்தார்.

காரைக்குடியிலிருந்து தேவகோட்டை வழியாக ராமநாதபுரம் ஏறக்குறைய 80 கி.மீ. கட்டணம் 17 ரூபாய். 7.05க்குச் சேர்ந்தோம். அங்கிருந்து தெற்கே கீழக்கரைப் பக்கம் போகும் டவுன் பஸ் 7.40க்கு. நான்கரை ரூபாய். நின்றுகொண்டே போனோம். 8.30க்கு முதல் மீனவ ஊரில் இறங்கினோம். ஊர்ப் பெயர்களை எழுதவில்லை. கூட்டம் சேர்க்க வேண்டாம் என்று அங்கே கேட்டுக்கொண்டார்கள்.

கடற்கரையில் நாற்பது வள்ளமாவது மணலில் கிடந்தது. ஒன்றுகூடத் தண்ணீரில் இல்லை. வெள்ளைச் சட்டையும் புது லுங்கியுமாக ஒரு பாய் வலைக் குவியல்மேல் உட்கார்ந்திருந்தார்.

“பாய், கடலுக்கு எத்தனை மணிக்குப் போறீக?”

“இன்னிக்கா?” என்று என்னைக் காலிலிருந்து தலை வரை பார்த்தார். “தம்பி எந்த ஊரு?”

“காரைக்குடி.”

“அங்க காலண்டர் விக்கிறதில்லையா? வெள்ளிக்கிழம ஜும்மா. யாரு கடலுக்குப் போவா?”

அத்தானைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“உங்களுக்குத் தெரியுமாத்தான்?”

“தெரியும் மாப்ள. நீதான் கிராஃப் போட்டிருந்தியே. அதுல இதெல்லாம் இருக்கும்னு நெனச்சேன்.”

பாய் நல்ல மனிதர். தேநீர் வாங்கிக் கொடுத்தார். “நாளைக்கு சனி, விசைப்படகு நாளு. பெரிய படகு இழுக்கயில நாங்க வலை போட்டா அறுத்துட்டுப் போயிருவான். ஞாயித்துக்கிழம காலைல வாங்க. நானே கூட்டிட்டுப் போறேன்” என்றார். இந்தப் பக்கத்தில் விசைப்படகுக்கு செவ்வாய், வியாழன், சனி, மற்ற நாள்கள் நாட்டுப் படகுக்கு என்று தங்களுக்குள் பேசி வைத்திருக்கிறார்கள். இது எந்தப் புத்தகத்திலும் இல்லை. தேநீர்க் கடையில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

இங்கேதான் நான் முட்டாள்தனம் செய்தேன். ஞாயிறு வரை இரண்டு நாள் சும்மா இருக்க என்னால் முடியாது. கிழக்கே 11 கி.மீ. தள்ளி இன்னொரு ஊர் இருக்கிறது, எல்லோரும் நம்ம வேதக்காரர்கள், கத்தோலிக்கர்கள், அவர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கிடையாது என்று தெரிந்ததும் பையைத் தூக்கிவிட்டேன்.

“ஞாயித்துக்கிழம வாரீகளா?” என்று பாய் பின்னாலிருந்து கேட்டார்.

“அதுக்குள்ள பாத்துட்டுப் போயிருவோம் பாய்!”

பஸ் கிடையாது. பனங்காட்டு வழியாக மணலில் நடை. ஆறு கி.மீ. போன பிறகு ஒரு மீன் வண்டிக்காரர் ஆளுக்கு ஐந்து ரூபாய் வாங்கிக்கொண்டு பனிக்கட்டிப் பெட்டி மேல் ஏற்றிக்கொண்டார். பகல் 1.30க்குச் சேர்ந்தபோது கால்சட்டையின் பின்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. வள்ளங்கள் காலையிலேயே போய்விட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தன. மீன் இறக்கிக்கொண்டிருந்த சூசை அண்ணனை அங்கேதான் பார்த்தோம். ஐம்பது வயது இருக்கும். சொந்த வள்ளம். மருமகன் அந்தோணியும் அவருமாகத் தொழில்.

“அம்மணியப் பாக்க வந்தீகளா?” என்றார். அந்த மீனுக்கு அங்கே பெயர் அம்மணி. “போன வாரம்கூட வந்துச்சு.”

எனக்கு உயிர் வந்தது. “நாளைக்குக் கூட்டிட்டுப் போவீகளா?”

“நாளைக்கு விசைப்படகு நாளுல்ல.”

“சரி, அப்ப ஞாயித்துக்கிழம?”

சூசை அண்ணன் என் கழுத்தைப் பார்த்தார். அதில் செபமாலை.

“நீங்க வேதக்காரகதானே?”

“ஆமா.”

“பூச கண்டுட்டு வீட்டுல இருக்குற நாளு. இது தவக்காலம் வேற. கடலுக்கா போகச் சொல்றீக?”

அந்தோணி சிரிப்பை அடக்க முடியாமல் வள்ளத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டான். அத்தான் மறுபடியும் கண்ணாடியைத் துடைத்தார். வெள்ளிக்கிழமை தப்ப வேண்டும் என்று ஒரு ஊரை விட்டு, ஞாயிற்றுக்கிழமை கடலுக்கே போகாத ஊருக்கு வந்து சேர்ந்திருக்கிறேன். அதுவும் பிறந்ததிலிருந்து ஒரு ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவன். மீனுக்கு ஏது கிழமை என்று கணக்குப் போட்டேன். மீனவருக்கு உண்டு என்று தோன்றவில்லை.

சனியும் ஞாயிறும் எழுத ஒன்றுமில்லை. பங்குச் சாமியார் மறைக்கல்வி அறையைத் திறந்துவிட்டார். சிமெண்டுத் தரை, கொசு, குடத்துத் தண்ணீரில் லேசான உப்பு. சாப்பாடு சூசை அண்ணன் வீட்டில். ஒரு வேளைக்குப் பத்து ரூபாய் கொடுக்கப் போய்த் திட்டு வாங்கினோம். சனி முழுக்க அடிவானத்தில் விசைப்படகுகளை எண்ணினேன். 23. ஞாயிறு ஆறரை மணிப் பூசை. பிறகு வெயிலில் கடற்கரையில் உட்கார்ந்திருந்தோம். மேற்கே, நாங்கள் விட்டுவந்த ஊர்ப் பக்கமிருந்து பாய்மர வள்ளங்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அத்தான் எண்ணினார். எத்தனை என்று நான் கேட்கவில்லை.

திங்கள் காலை 4.15க்கு வள்ளம் தள்ளினோம். சின்ன டீசல் எஞ்சின். சத்தம் அதிகம், புகை அதைவிட அதிகம். கரையிலிருந்து ஒரு மணி நேரம் போய் மிதவை வலையை விரித்தார்கள். ஆறரைக்கு எனக்கு வாந்தி தொடங்கியது. எட்டுக்கு வயிற்றில் ஒன்றுமில்லை. மாஸ்க்கைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தேன். ஆறு மணி நேரத்தில் பஸ்ஸில் இருக்க வேண்டும், ஏழரைக்கு போன் என்பதுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

9.10க்கு வலையைப் பாதி இழுத்திருந்தார்கள். அந்தோணி கையை நீட்டிக் கத்தினான்.

“மாமா, அந்தா! அங்குட்டு! அம்மணி!”

முதலில் தண்ணீரின் நிறம்தான் மாறியது. பிறகு ஒரு முதுகுத் துடுப்பு, வெகு தூரம் தள்ளி வாலின் நுனி. இரண்டுக்கும் நடுவே இருந்த நீளத்தை மனம் உடனே ஏற்கவில்லை. எங்கள் வள்ளத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். மெதுவாக, வாயைத் திறந்தபடி, வலையைப் பார்த்து வந்துகொண்டிருந்தது.

வாந்தியெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. மாஸ்க்கை முகத்தில் ஏற்றி ஒரு காலை வெளியே போட்டேன்.

“எங்குட்டு எறங்குறீக?” சூசை அண்ணன் என் சட்டைக் காலரைப் பிடித்து உள்ளே இழுத்தார். “வலையப் பிடிங்கய்யா மொதல்ல! அது சுத்திக்கிருச்சுன்னா வலையும் போச்சு, அதுவும் போச்சு!”

“ரெண்டே நிமிஷம்ணே. பாத்துட்டு ஏறிர்றேன்.”

“ரெண்டு நிமிசத்துல அது வலைக்குள்ள கெடக்கும். பாக்க வந்தீகளா, கொல்ல வந்தீகளா?”

இதற்காகத்தான் நான்கு நாள். இதற்காகத்தான் பத்து வாரம் தவளைக் கிணறு. மீன் முப்பதடி தள்ளி இருந்தது. அதைப் பார்த்துவிட்டால் அண்ணனிடம் வாய் நிறைய ‘உறுதி’ என்று சொல்லலாம். மாஸ்க்கைக் கழற்றிக் காலடியில் போட்டேன். வலைக் கயிற்றைப் பிடித்தேன்.

நனைந்த நைலான் கயிறு மில்லில் பழகிய கைக்குப் புதிது. முதல் ஐந்து இழுப்பில் கொப்புளம் வந்தது, பத்தாவதில் உடைந்தது. மூன்று பேரும் மூச்சு விடாமல் இழுத்தோம். எஞ்சினை நிறுத்தியிருந்ததால் எங்கள் முக்கல் மட்டும்தான் சத்தம். அதோடு இன்னொரு சத்தமும் இருந்தது, களகளவென்று. திரும்பிப் பார்த்தேன். முதுகு வலியால் இழுக்க முடியாத அத்தான், இடுப்பைத் துண்டால் குறுக்குப் பலகையோடு கட்டிக்கொண்டு, இன்னொரு மாஸ்க்கை மாட்டி, தலையைத் தண்ணீருக்குள் விட்டிருந்தார். குழாய் வழியாக ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். நீச்சல் தெரியாத மனிதர் விளிம்பில் குப்புறக் கிடந்தபடியே எல்லாவற்றையும் பார்த்துவிட்டார்.

9.34க்கு வலையின் கடைசி முழமும் உள்ளே வந்தது. சூசை அண்ணன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“இப்ப எறங்குங்க. நான் கயிறு பிடிச்சிருக்கேன்.”

மாஸ்க்கை மாட்டிக் குதித்தேன். அம்மணி இன்னும் வள்ளத்துக்குப் பக்கத்தில்தான் சுற்றிக்கொண்டிருந்தது. ரப்பர் துடுப்பை மாட்ட நேரமில்லை. சாம்பல் பழுப்பு முதுகு, அதன்மேல் வரிசை பிசகாமல் வெள்ளைப் புள்ளிகள், நடுவே மெல்லிய கோடுகள். கிராஃப் தாள்! என் கிராஃபைவிட நேர்த்தி. கண்ணை அது என் பக்கம் திருப்பியதா என்று தெரியாது. வால் ஒரு முறை அசைந்தது, அந்த ஒரு அசைவிலேயே என்னைக் கடந்து போனது. பிறகு வெறும் பச்சைத் தண்ணீர். அத்தானின் கைக்கடிகாரக் கணக்குப்படி நாற்பது விநாடி. உள்ளங்கையில் உப்பு ஏறி எரிந்த எரிச்சலில், அதில் பத்து விநாடி கண்ணை மூடியிருப்பேன்.

நான் ஏறியதும் சூசை அண்ணன் மாஸ்க்கைக் கேட்டு வாங்கி மாட்டினார். மீன் போய்விட்டது. ஆனாலும் தலையை உள்ளே விட்டு வெகுநேரம் பார்த்தார்.

“என்னண்ணே தெரியுது?”

“என் வள்ளம்தான்யா தெரியுது. அடியில இம்புட்டுப் பாசியா பிடிச்சிருக்கு! ஏலே அந்தோணி, போன மாசம் சொரண்டுனேன்னு சொன்னியே?”

அந்த மாஸ்க்கை நான் திரும்பக் கேட்கவில்லை. பகல் 12.40க்குக் கரை. ஊர்த் தபால் நிலையத்தில் இருபது அஞ்சலட்டை வாங்கி, எல்லாவற்றிலும் என் முகவரியை எழுதி அந்தோணியிடம் கொடுத்தேன். அம்மணி வரும்போதெல்லாம் தேதி, மணி, எந்தத் திசை, இவ்வளவு எழுதினால் போதும் என்றேன். “வராத நாளுக்கு?” என்று கேட்டான். நல்ல கேள்வி. கடலுக்குப் போயும் வராத நாள்களை ஞாயிறுதோறும் ஒரே அட்டையில் சேர்த்து எழுதச் சொன்னேன்.

மறுபடியும் ஒரு மீன் வண்டியில் முதல் ஊருக்கு வந்து டவுன் பஸ் பிடித்தோம். அதில் அந்த ஊர்ப் பாயும் ஏறினார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“எங்குட்டு போனீக தம்பி? நேத்து ரெண்டு வந்துச்சே. ஒரு மணி நேரம் வள்ளத்தையே சுத்திச்சு.”

அத்தான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

காரைக்குடி, 7.30, பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள போன் பூத். வெளிநாட்டு அழைப்பு நிமிடத்துக்கு அறுபது ரூபாய்க்கு மேல். மீட்டரில் சிவப்பு எண்கள் ஓடத் தொடங்கின.

“பாத்தியாடா?” வணக்கம்கூட இல்லை.

“பாத்தேண்ணே. நாப்பது செகண்டு.”

“அப்ப உறுதிதானே? சீட்டு எழுதி வச்சிருக்கேன். தேதி மட்டும் போடணும்.”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். பார்த்தது உண்மைதான். பிள்ளைகளோடு வருவார், ஏதோ ஒரு நாள் அமையலாம். அமையாமலும் போகலாம். அப்படிப் போனால் மூன்று வருடத்து விடுப்பைக் கடற்கரையில் அடிவானம் எண்ணிக் கழிப்பார். பெரியம்மாவும் இந்த டிசம்பரில் தனியாகப் பூசைக்குப் போவார்.

“உறுதி இல்லண்ணே. பாக்காமலே அப்படி எழுதிட்டேன். தப்பு.”

மறுமுனையில் பேனாவைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

“நாலு நாள்ல எத்தன நாள் கடலுக்குப் போனீக?”

“ஒரு நாள்.” காரணத்தைச் சொன்னேன்.

“டேய், ஞாயித்துக்கிழமன்னு ஒண்ணு இருக்குறது உனக்குத் தெரியாதா?”

“தெரியும். கிராஃப்ல இல்ல.”

சிரித்துச் சிரித்து இருமினார். பிறகு வலைக் கதையையும் கேட்டார். “வலை தப்பிச்சுச்சா?”

“தப்பிச்சுச்சு. மீனும்.”

“சரி. டிசம்பருக்கே தேதி போடுறேன். அம்மாட்ட சொல்லிரு. அடுத்த லீவு ரெண்டாயிரத்துல. அதுக்குள்ள கண்டுபிடி.” வைத்துவிட்டார்.

போகத் திட்டமிடுகிறவர்களுக்கு: நான்கு நாள் போதாது, எட்டு நாளாவது வையுங்கள். ஞாயிறு மாலை போய்ச் சேருங்கள். எந்த ஊரில் எந்தக் கிழமை படகு போகும் என்று முதல் தேநீரிலேயே கேளுங்கள். ஒரு ஊரில் காத்திருக்கச் சொன்னால் காத்திருங்கள். குளிக்க, குடிக்கத் தண்ணீரைக் கையில் கொண்டு போங்கள். தீவுகளில் கால் வைக்க வனத்துறை அனுமதி வேண்டும், இல்லாமல் இறங்காதீர்கள். மீனைத் தொடாதீர்கள். வலை தண்ணீரில் இருக்கும்போது இறங்கவே இறங்காதீர்கள். நீச்சல் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, இடுப்பில் கட்ட ஒரு நீளத் துண்டு போதும். நாற்பது விநாடிக்கு இத்தனை அலைச்சல் தேவையா என்றால், இன்றைக்கு என்னிடம் கேட்காதீர்கள். தூங்கி எழுந்த பிறகு கேளுங்கள்.

நான் இனிச் செய்யப்போவது:

1. நாளைக் காலை பெரியம்மாவிடம் போய், அண்ணன் டிசம்பரில் வருகிறார் என்று சொல்வது. ஏப்ரல் விஷயம் அவருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

2. கையில் தோல் வந்ததும் கிராஃப் தாளில் பிறைக்குக் கீழே கிழமைக்கு ஒரு வரிசை சேர்ப்பது. அதற்குக் கீழே ஊருக்கு ஒரு வரிசை.

3. முதல் ஊர் பாய்க்கும் இருபது அஞ்சலட்டை அனுப்புவது, மன்னிப்போடு.

4. அத்தான் இருபத்து நான்கு நிமிடம் என்ன பார்த்தார் என்று பொறாமைப்படாமல் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்வது.

5. மூன்று வருடத்துப் பங்குனி அட்டைகளைச் சேர்ப்பது. வராத நாள் அட்டைகளையும்தான்.

6. அதன் பிறகு அண்ணனுக்கு ஒரு கடிதம். அதில் ‘உறுதி’ என்று எழுதுவதா வேண்டாமா என்பதை அந்தோணியின் கையெழுத்தைப் பார்த்து முடிவு செய்வது.